பலகையில் நான்காவது பெயர்

எங்கள் பள்ளியைக் கட்டியவர் ஸ்டேன்பி துறைமுகத்தில் கப்பல் கயிறு திரித்துப் பணக்காரரானவர். தொழிலாளிகளின் பையன்கள் படிக்கட்டும் என்று கட்டினார். அதனால் மற்றப் பள்ளிகளில் ஓட்டப் பந்தயத்துக்கு இருக்கும் மரியாதை இங்கே கயிறு இழுப்பதற்குத்தான். மாணவர்களை ஹவுஸ் என்ற அணிகளாகப் பிரித்திருந்தார்கள். விளையாட்டு விழாவில் ஒரு ஹவுஸ் முதல்முறையாகக் கயிற்றை வென்றால், அதன் பெயரை மண்டபத்து ஓக் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். எழுதிய பெயரை அழிக்கக் கூடாது, அந்த ஹவுஸைக் கலைக்கவும் கூடாது. ஹார்கோர்ட், தார்ன்டன், பெல் என்ற மூன்று பெயர்களே பலகையை அடைத்துக்கொண்டிருந்தன. பள்ளிச் சின்னத்துக்கு மேலே மட்டும் ஒரு சாண் மரம் சும்மா கிடந்தது.

1973இல் ஆட்லி சாலைப் பெண்கள் பள்ளியை மூடி எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்களுக்கென்று ஆட்லி ஹவுஸ் உண்டானது. பெயர் மட்டும் பலகையில் ஏறவில்லை. கேட்டால் தலைமையாசிரியர் ஓல்ட்ராய்ட், "கயித்த ஜெயிங்கம்மா, எழுதிடுவோம்" என்பார். பெண்கள் கயிற்றைத் தொடக் கூடாது என்று சொன்னவரும் அவரேதான்! ஆண் பெண் பேதம் காட்டக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு, 1977 கோடையில் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். அதே மூச்சில், செப்டம்பரிலிருந்து மூன்று ஹவுஸ் போதும் என்றும் அறிவித்தார். ஆட்லி சாலையிலிருந்து வந்தவர்களில் மிச்சமிருந்தது கடைசி வகுப்பான எங்கள் ஐந்தாம் படிவம் மட்டும். நாங்களும் அந்தக் கோடையோடு பள்ளியை விட்டுப் போகிறவர்கள்.

"ஒரே ஒரு விழாதான்டி பாக்கி," என்றாள் எங்கள் கேப்டன் லொரெய்ன் டாஸ்கர். கசாப்புக் கடைக்காரர் மகள். "எங்கம்மா படிச்ச பள்ளிக்கூடத்தப் பூட்டுனாங்க. பேரையும் பூட்ட விடமாட்டேன்."

கயிற்றுப் போட்டியில் தலையை எண்ணுவதில்லை, எடையைத்தான் பார்ப்பார்கள். சமையலறையின் உருளைக்கிழங்குத் தராசில் எல்லோரையும் ஏற்றி, இரு பக்கத்துக்கும் மொத்த எடையைச் சமமாக்குவார்கள். போன வருடம் கயிற்றை வென்றது ஹார்கோர்ட்; அவர்களைத் தோற்கடித்தால் கயிறு எங்களுக்கு. ஹார்கோர்ட் பையன்கள் எட்டுப் பேர் வந்த எடைக்கு நாங்கள் பத்துப் பேர் வந்தோம்.

"எட்டுக்குப் பத்தா? இன்னும் ரெண்டு பூனைக்குட்டி வேணுமா?" என்று கேட்டான் அவர்களுடைய கேப்டன் கிரஹாம் பிக்கிள்ஸ்.

"உங்கூட்டுப் பூனைய அனுப்பு. உன்னவிட நல்லா இழுக்கும்," என்றாள் லொரெய்ன்.

பலர் நினைப்பதுபோல் இது கைகளின் போட்டி அல்ல. கயிற்றின் இழுப்பு இரு பக்கமும் ஒன்றுதான். எவர் கால் முதலில் வழுக்குகிறதோ அவர் தோற்பார். அதனால் நாங்கள் கிரிக்கெட் மைதானத்து உருளையில் கயிற்றைக் கட்டி, உடம்பைப் பலகைபோல் நீட்டிச் சாய்ந்து, குதிகாலை ஊன்றிப் பழகினோம். பையன்கள் ஊன்றுவது பதினாறு குதிகால், நாங்கள் ஊன்றுவது இருபது.

விழாவன்று விடியலிலிருந்தே மழை. மழைக்காக விழாவைத் தள்ளிவைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பெற்றோர் நனையாமலிருக்க, வாசலோரம் போடும் தேநீர்க் கூடாரத்தை மட்டும் பெவிலியன் பக்கம் மாற்றியிருந்தார்கள். மதியம் முழுக்க அங்கே தேநீருக்கு வரிசை நின்றது. முனையைத் தேர்ந்தெடுப்பது போன வருடம் வென்றவர்களின் உரிமை.

"பெவிலியன் பக்கம்," என்றான் கிரஹாம். ஹார்கோர்ட் கேப்டன்கள் தலைமுறை தலைமுறையாக அதையே சொல்லிவந்தார்கள். மைதானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. தேநீர் வரிசை மிதித்து மிதித்துப் புல்லைக் கூழாக்கியிருந்தது.

விசில் ஊதியதும் எட்டுப் பேரும் வெண்ணெயில் நிற்பதுபோல் எங்களை நோக்கி வழுக்கி வந்தார்கள். மூன்றில் இரண்டு இழுப்பை வெல்ல வேண்டும். முதல் இழுப்பு எங்களுக்கு.

"சேறு ஜெயிச்சுது, நீங்க இல்ல," என்று கத்தினான் கிரஹாம். "இப்ப பக்கம் மாறணும்ல? வாங்க பாப்போம்!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டாவது இழுப்புக்கு அந்தச் சேறு எங்கள் பங்கு. அதை விட்டுக்கொடுத்தால் மூன்றாவதற்குத் தெம்பிருக்காது.

நான் லொரெய்னோடு போய்ப் பார்த்தேன். பையன்களின் குதிகால்கள் கயிற்றின் நீளத்துக்கு இரண்டு வாய்க்கால் கிழித்திருந்தன, தண்டவாளம் போல. லொரெய்ன் உள்ளே காலை வைத்தாள். நறநறவென்றது.

"பாலின், என்னடி இது?"

"கரிக்கட்டிச் சரளை," என்றேன். தண்ணீர் வடிவதற்காக மைதானத்துக்கு அடியில் பழைய கயிற்றாலைக் கொதிகலனில் எரிந்து மிஞ்சிய கரிக்கட்டிகளைக் கொட்டியிருந்தார்கள். "சேத்த எல்லாம் அவனுங்களே வழிச்சு விட்டுட்டானுங்க. கால் வைக்க இத விட நல்ல இடம் மைதானத்துலயே இல்ல."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நடுக்குறிக்கிட்ட நெருக்கி நில்லுங்கடி. பின்னால போறதுக்கு வாய்க்கால் முழுசும் வேணும். எவளும் வெளிய கால் வைக்கக் கூடாது!"

விசில் ஊதியது. பையன்கள் ஆவேசமாக இழுத்தார்கள். நாங்கள் இழுக்கவில்லை, சாய்ந்து கிடந்தோம். சரளை குதிகாலைக் கவ்விப் பிடித்தது. வேகமாக இழுப்பவன் நடுவில் மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த நொடியில் கயிறு தளரும்.

"இப்ப!" என்றாள் கயிற்றின் கடைசியில் நின்ற லொரெய்ன். வாய்க்காலுக்குள்ளேயே ஓரடி பின்னால் வைத்தோம். மறுபடி கிடந்தோம். "இப்ப!" இன்னோரடி. கிரஹாமின் முகம் பீட்ரூட் நிறமானது. வரிசையில் நின்ற தாய்மார்கள் தேநீரை மறந்து, மூடிப்போன பள்ளியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்: "ஆட்லி! ஆட்லி!" கடைசி "இப்ப!"வுக்குப் பையன்கள் மொத்தமாகக் குப்புற விழுந்தார்கள்.

கிரஹாம் எழுந்து வந்து சேற்றுக் கையை நீட்டினான். "பூனைக்குட்டி இல்லப்பா, புலிங்க."

திங்கட்கிழமை காலை மண்டபத்தில் தங்கச் சாயத்தோடும் ஏணியோடும் வந்த பள்ளிப் பராமரிப்பாளர் பலகையை அளந்தார்.

"சார், கீழ எங்கயும் இடமில்ல. சின்னத்துக்கு மேலதான் இருக்கு."

"எல்லார் பேருக்கும் மேலயா?" ஓல்ட்ராய்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பலகை அப்படியேதான் இருந்தது. "சரி," என்றார். "வழக்கம்னா வழக்கம்தான். எழுதுங்க."

லொரெய்ன் ஏணியின் காலைக் குதிகாலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தைரியமா ஏறுங்க," என்றாள். "நான் பிடிச்சா வழுக்காது."