தண்ணீருக்குள்ளிருந்து தீ

மலைமேல் ஒண்டிக்கடை என்ற ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த புஷ்பலதாவுக்குக் கல்யாணப் பத்திரிகையும் பட்டா மனுவும் அடித்துத்தான் பழக்கம். தேவசிகாமணி சார் கொண்டுவந்த கையெழுத்துத் தாள்கட்டு வேறு மாதிரி இருந்தது. அவர் சேலத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவர், குடியிருப்பது பக்கத்து ஊரான வெள்ளக்கடையில். மேலை நாட்டுத் தத்துவம் வளர்ந்த கதையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி தமிழில் எழுதுவதாகச் சொல்லி, முதல் அத்தியாயத்தை அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு பக்கம் முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. 'பருப்பொருள்சார் ஒருமைவாதம்' என்பதைப் பிழையில்லாமல் அடித்துவிட்டாள். அது என்னவென்றுதான் தெரியவில்லை. நான்காம் பக்கத்தில்தான் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம் வந்தது. இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் மிலேட்டஸ் என்ற கிரேக்கத் துறைமுகத்தில் தேலீஸ் என்று ஒருவர் இருந்தார். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர்தான் என்றார்.

அவள் கை நின்றுவிட்டது. எல்லாமுமா?

ரேஷன் கார்டில் மருமகள் பெயர் சேர்க்கத் தலைச்சோலையிலிருந்து வந்த வீராயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புஷ்பலதா அந்த வரியை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

"மெய்தான் கண்ணு. மழை பேயலீன்னா காப்பி பூக்குமா?" என்ற வீராயி, கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "ஆனா தண்ணி ஊத்துனா தீ அணைஞ்சு போகுதே. அப்பறம் தண்ணிக்குள்ளார இருந்து தீ எப்படி வந்திருக்கும்?"

நியாயமான கேள்வி. மறந்துவிடக் கூடாதென்று அதை அந்த வரிக்குக் கீழேயே அடைப்புக்குறிக்குள் அடித்து வைத்தாள் புஷ்பலதா. எடுக்கத்தான் மறந்துபோனாள்.

சனிக்கிழமை வந்த தேவசிகாமணி, நின்றபடியே அச்செடுத்த தாள்களைப் புரட்டினார். நான்காம் பக்கத்தில் முகம் மாறியது.

"இது நான் எழுதலையே. யாருங்க சேர்த்தது?"

"நாந்தானுங்க சார். எடுக்க மறந்துட்டேன். தப்புதானுங்க." அவளுக்குக் காது சுட்டது. இனி கட்டைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார் என்றே நினைத்தாள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "இதை எங்காச்சும் படிச்சீங்களா?"

"இல்லீங்க. தலைச்சோலை வீராயக்கா கேட்டது."

"தேலீஸுக்கு அடுத்தாப்புல அதே ஊர்ல வந்தவரு இதையேதான் கேட்டாருங்க. எல்லாத்துக்கும் மூலம் தண்ணின்னா, அதுக்கு நேர் எதிரான தீ உண்டாயிருக்கவே முடியாதேன்னாரு. இருபது வருசமா கிளாஸ்ல சொல்றேன். ஒருத்தரும் தானா இதைக் கேட்டதில்லை."

புஷ்பலதாவுக்குப் பயம் போய்விட்டது. "அப்ப அவரு எதுதான் மூலம்னு சொன்னாருங்க?"

"தண்ணியுமில்ல, தீயுமில்ல. எல்லையே இல்லாத ஏதோ ஒண்ணுன்னாரு."

"அது எப்படிங்க இருக்கும்?"

"அதை அவரு விளக்கமாச் சொல்லலீங்க."

"சொல்லாம உட்டா அடுத்த ஆளு சும்மா இருந்திருப்பாரா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இல்லீங்க. அடுத்து வந்தவரு, மூலம் காத்துன்னுட்டாரு." சிரித்த கையோடு பேனாவை எடுத்து முதல் மூன்று பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "இது கெடக்கட்டும். நான் மறுபடி எழுதிட்டு வாரேன்."

பத்து நாள் கழித்து வந்த கட்டில் ஒருமைவாதத்தைக் காணோம். ஒருவர் ஒன்று சொன்னார், அடுத்தவர் ஏனென்று கேட்டார் என்று கதை நடந்துபோயிற்று. தீயைப் பற்றிய கேள்வி வந்த இடத்தில், தலைச்சோலை வீராயியும் இதைக் கேட்டார் என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கும்போது புஷ்பலதா தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். தாளின் ஓரத்தில் சார் நிறைய இடம் விட்டிருந்தார். எங்கே தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொல்லியிருந்தார். அவள் பதினோரு கோடு போட்டாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் சாக்ரடீஸ் வந்தார். கடைவீதியில் நின்று, போகிற வருகிறவர்களையெல்லாம் கேள்வி கேட்டவர். அவருக்கு விஷம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பான பக்கத்தில் புஷ்பலதா கோடு போடவில்லை. ஜெராக்ஸுக்கு மூன்று பேர் காத்திருக்க, போனை எடுத்தாள்.

"ஏனுங்க சார், கேள்வி கேட்டதுக்கா கொன்னாங்க?"

"நாளைக்கு வந்து சொல்றேனுங்க. இப்ப கிளாஸுக்குப் போயிட்டிருக்கேன்."

"நாளைக்கு வரைக்கும் எப்படிங்க இருக்கறது? நடந்துகிட்டே சொல்லுங்க."