வழக்கமான ஒன்பது நாட்கள்

1

இந்தக் கதையை நான் திருடினேன். தங்கை என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னதை, அவள் கிளம்பிய பிறகு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். "இத எழுதிடாதக்கா" என்று அவள் சொன்னதையும் சேர்த்துத்தான் குறித்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'வானம் புகையால் மூடிக்கிடந்தது.' அடித்துவிட்டேன். இந்த மாதிரிக் கதைகளில் வானம் எப்போதும் அப்படித்தான் கிடக்கிறது. அடுத்தது: 'பூமி மெல்ல மெல்ல' — முடிக்கவே கூச்சமாக இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தங்கை ஓர் எரிவாயு நிறுவனத்தில் உமிழ்வுக் கணக்கு எழுதுகிறாள். நிலையத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு வெளியேறியது என்று அறிக்கை தயாரிப்பது அவள் வேலை. மிஞ்சும் வாயுவை உயரமான குழாயின் நுனியில் எரித்துவிடுவார்கள். ஃப்ளேர் என்று பெயர். அதற்குப் போகும் வாயுவை அளக்க ஒரு மீட்டர் உண்டு. போன வருடம் ஒன்பது நாள் அந்த மீட்டர் வேலை செய்யவில்லை.

(அதற்கு விதி இருக்கிறது. முந்தைய வழக்கமான நாட்களின் சராசரியை எடுத்து இடைவெளியை நிரப்பலாம். அது மோசடி இல்லை. மோசடி என்றுதான் நான் முதலில் எழுதியிருந்தேன்.)

2

மீட்டர் சும்மா கெடவில்லை. வாயுவை அழுத்திக் குழாயில் அனுப்பும் கம்ப்ரஸர் நின்றுபோய், வாயு மொத்தமும் ஃப்ளேருக்குப் போனது. தாங்கும் அளவைத் தாண்டியதும் மீட்டர் கையை விரித்துவிட்டது. மேகமூட்டமான பகலில், ஃப்ளேரின் வெளிச்சத்தில் கொடிக்கம்பத்துக்கு நிழல் விழுவதைத் தங்கை அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அறிக்கையைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார். ஜலதோஷக்காரர். விதிப்படி நிரப்பியிருக்கிறதா என்று பார்த்தார், சரியாக இருந்தது. படிவத்தின் கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி: அந்த நாட்கள் வழக்கமானவை அல்ல என்று கருதக் காரணம் உண்டா?

"மூக்கச் சிந்திக்கிட்டே சொல்றாருக்கா, 'யோசிச்சு எழுதிக் குடும்மா, வெள்ளிக்கிழமைதான் கையெழுத்துப் போடுவேன்'னு."

உண்டு என்று எழுதினால் ஷிப்ட் பதிவேட்டைத் திறப்பார்கள். ஒன்பது நாளும் அதில் இருப்பது மாப்பிள்ளையின் கையெழுத்து. தங்கையின் கணவர் அங்கேதான் ஆபரேட்டர். "நிறுத்தாம ஓட்டு" என்று மேலாளர் சொன்னது வெறும் வாய்வார்த்தை, எழுத்தில் எங்கும் இல்லை.

3

மாப்பிள்ளை எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வரைவில் கோழை. இன்னொன்றில் தியாகி. நிஜத்தில், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைக்கும் மனிதர்.

"உங்க தங்கச்சி இருக்காளே, நான் பெருமூச்சு விட்டாக்கூட எத்தனை கிராம்னு எழுதிக்குவா" என்பார். அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு இந்தக் கேலி நின்றுவிட்டது.

4

[இந்தப் பகுதி கிடைக்கவில்லை. முந்தைய பகுதிகளின் சராசரியால் நிரப்பியிருக்கிறேன்: தங்கை வெங்காயம் உரித்தாள். அக்கா கேட்டுக்கொண்டாள். இருவருக்கும் வருத்தமாக இருந்தது.]

5

பொருந்துகிறது, இல்லையா? எங்கேயும் இடறவில்லை. உண்மையில் அங்கே நடந்தது இது.

"நீயா இருந்தா என்னக்கா எழுதுவ?"

"இல்லைன்னு எழுது." யோசிக்கக்கூட இல்லை நான். "உனக்கென்னடி தெரியும்? நீ என்ன விஞ்ஞானியா?"

"அந்தக் கணக்கே நான்தான்க்கா எழுதுறேன்."

"அதான். கணக்கு சரியாத்தானே இருக்கு?"

திங்கட்கிழமை, இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்குள் துழாவிப் பார்க்கிறேன். மாப்பிள்ளைக்காகத்தான் சொன்னேனா? விஷயம் வெளியே வந்தால் அது செய்தி. மறைந்திருந்தால் என் கதை. அப்படியோர் எண்ணம் அன்றைக்கு என் மனதில் ஓடவே இல்லை என்று

6

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. சான்றிதழ் வருகிறது, வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். மாப்பிள்ளைக்கு வேலை போகிறது, மேலாளருக்குப் பதவி உயர்வு. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். அதனாலேயே எழுதவில்லை.

இன்று வியாழன். பதிலைத் திருத்த நாளை வரை நேரமிருக்கிறது. இதுவரை எழுதியதைத் தங்கையிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். நான்காம் பகுதியில் விரலை வைத்தாள்.

"நல்லா நிரப்பியிருக்க. எனக்கே அப்படித்தான் நடந்துச்சோன்னு தோணுது."

"நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது நீ. எழுதினது நான்தானே."

போனை எடுத்தாள்.

"யாருக்குடி? அந்த ஜலதோஷக்காரருக்கா, மாப்பிள்ளைக்கா?"

"நீ வெளிய போக்கா."

"ஏன்டி?"

"நீ இருந்தா எழுதிடுவ."

என் வீட்டில், என் அறையில், என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள். குரல் கேட்கிறது, சொற்கள் பிடிபடவில்லை. நடுவே நீண்ட மௌனங்கள். மறுமுனையில் யாரோ பேசுகிறார், அல்லது அழுகிறார். கதவில் காதை வைத்தால் கேட்டுவிடும். வைக்கவில்லை.

என்ன சொன்னாள் என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். இதுவரை அவள் எப்படி இருந்தாள் என்பதை வைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள்.