கடிக்கிற ‘ஸ’

அலெக்சாந்திரியாவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த வக்திக்கு ஊரார் கண்ணையெல்லாம் சரிசெய்யத் தெரியும். தன் காதோடுதான் ஒத்துப்போக முடியவில்லை. வீட்டு வரவேற்பறையில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, இணையத்திலிருந்து பாட்டை இழுத்துத் தர ஒரு டிஜிட்டல் பெட்டி. எந்தப் பாடகியைப் போட்டாலும் ‘ஸ’ வருகிற இடத்தில் தட்டில் கரண்டியைத் தேய்த்த மாதிரி பல் கூசியது. கீச்சொலி அடங்கட்டும் என்று ட்ரெபிளைக் குறைத்தால் பாடகி கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். பெட்டியை மாற்றிப் பார்த்தார், ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தார். கூச்சம் மட்டும் மாறவில்லை.

அறையைப் பற்றி அந்த மனிதர் ஒருநாளும் யோசித்ததில்லை. தரை முழுக்கப் பளிங்கு. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. தங்க முலாம் பூசிய மெத்தை நாற்காலிகளுக்கெல்லாம் மனைவி இன்ஸாஃப் மாட்டிவைத்த கெட்டி பிளாஸ்டிக் உறை. பெரிய விருந்தாளி வந்தால்தான் அதைக் கழற்றுவாள். கட்டிய புருஷன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

கடைசியாக, பெட்டியையும் ஸ்பீக்கரையும் இணைக்க ஒரு வெள்ளிக் கேபிள் வாங்கிவந்தார். மனைவியிடம் விலையில் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டுச் சொன்னார். ‘ஸ’ இப்போது இதமாகிவிட்டது என்றும் சாதித்தார். உள்ளுக்குள் அவருக்கே சந்தேகம். அதனால் மகள் நெஸ்மாவைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு அதையே பரீட்சையாக வைத்தார். ஒரே பாட்டு, பழைய கேபிளில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை. வித்தியாசம் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது. தனியாக வந்த இரண்டு பேர், பிளாஸ்டிக் மேல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்து, வித்தியாசம் பிடிபடாமல், காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நெஸ்மா அதற்காக அழவில்லை. அடுத்து வருகிற முஹாப்தான் அவள் மனசில் இருந்தவன்.

"ரெண்டாவதுதான் இதமா இருக்குன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தெறக்காத" என்று போனில் பாடம் நடத்தினாள்.

"பொய் சொன்னா எனக்குக் காது செவந்துடும், நெஸ்மா."

"மஃப்ளர் கட்டிக்கிட்டு வா."

ஜனவரி மாதக் கடல்காற்றில் முஹாப் மஃப்ளரோடு வந்தான். கூடவே அவன் அம்மாவும் நான்கு சித்திகளும். எல்லாருமே நல்ல ஆகிருதி, எல்லார் மேலும் முரட்டுக் கம்பளிக் கோட்டு. இன்ஸாஃப் அவசரமாக உறைகளைக் கழற்றினாள். நாற்காலிகள் நிறைந்தன. எல்லாரிலும் பருமனான துர்ரியா சித்தி கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அலமாரியே காணாமல் போயிற்று.

வக்தி பழைய கேபிளில் பாட்டைப் போட்டார். ‘ஸ’ வரும் இடத்தில் வழக்கம்போலப் பல்லைக் கடித்தார். அது வெண்ணெய்போல நழுவிப் போயிற்று. திடுக்கிட்டுப் புதுக் கேபிளை மாட்டினார். அதே வெண்ணெய். அவருக்கு வியர்த்துவிட்டது.

"சொல்லுப்பா, எது இதமா இருக்கு?"

முஹாப் நெஸ்மாவைப் பார்த்தான். மஃப்ளரைத் தளர்த்தினான்.

"மன்னிச்சுக்கங்க மாமா. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

தட்டோடு நின்ற நெஸ்மாவின் முகம் செத்துப்போயிற்று. இன்ஸாஃபின் பார்வை கேபிள் மேல் குத்திட்டு நின்றது. பையன் சொன்னது சரி என்றால் கேபிள் தண்டம். கேபிள் உசத்தி என்றால் மகளின் ஆசை தண்டம்.

"கை கழுவுற எடம் எங்கம்மா?" என்று துர்ரியா சித்தி எழுந்தார். அலமாரிக் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ‘ஸ’ சுரீரென்று கடித்தது.

"ஹஜ்ஜா! ஒக்காருங்க!" என்று அலறினார் வக்தி.

பயந்துபோய்ச் சித்தி உட்கார்ந்தார். ‘ஸ’ மறுபடி குழைந்தது. பளிங்கிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தைக் கம்பளி உறிஞ்சிக்கொண்டிருந்தது. வக்தி அந்தக் கோட்டைப் பார்த்தார், உறை கழன்ற நாற்காலியைப் பார்த்தார், கண்கலங்க நின்ற மகளைப் பார்த்தார். இத்தனை வருஷமும் தன் வீட்டைத் தவிர எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பையனுக்குக் காது சரியா இருக்கு. கேபிள்தான் தண்டம். ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம்" என்றார்.

"பொண்ணுக்கு நாங்க குடுக்க வேண்டிய மஹர் பத்தி ஒண்ணும் பேசலியே? நக, வீடு…" என்றாள் பையனின் அம்மா.

"ஒண்ணே ஒண்ணுதான். வியாழக்கிழமைதோறும் எல்லாரும் வரணும். கோட்டோட."

"கோடையிலயுமா?" என்று கேட்டார் துர்ரியா சித்தி.

சர்பத் குடித்து அவர்கள் கிளம்பியதும் இன்ஸாஃப் பிளாஸ்டிக் உறைகளை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தக் கேபிள் நெசமா எவ்வளவு?"

சொன்னார். விழுங்கிய பூஜ்யத்தையும் சேர்த்தே சொன்னார். அவள் உறைகளை மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நாளைக்கே அதத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. இந்த உறை இனிமே வெளிய வராது."

மறுநாள் கேபிள் விற்ற கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல என்ன கொற, உஸ்தாத்?"

"ஒரு கொறையும் இல்ல" என்றார் வக்தி. "என் மருமகனுக்குக் காது கேக்குது."