மூணாவது தடவை கூப்பிட்டப்ப

பேரு சின்னமுத்து, வயசு இருபத்திமூணு, இப்ப கத்தார்ல இருக்கேன். நம்ம லயத்து வீடுகள்ல இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன்.

செத்த மறுநாளும் குருவம்மா பெரட்டுல பதில் சொன்னா. எழுபத்திநாலாம் வருசம், குமுளிக்கு மேல நம்ம தேயிலை எஸ்டேட்டு. கொழுந்தெடுக்கப் போறதுக்கு முன்னாடி ஆளுகளை நிப்பாட்டிப் பேரு கூப்பிடுற பெரட்டுல, கங்காணி சங்கையா நாக்குப் பழக்கத்துல வேலுத்தாய்க்கு அடுத்து அவ மக குருவம்மா பேரையும் கூப்பிட்டுட்டான். "இருக்கேன் கங்காணி"ன்னு சத்தம் மட்டும் வந்துச்சு. அன்னைக்குச் சாரல், கொழுந்து நல்ல வரத்து. மறுநாள் அந்தப் பேரை விட்டுப் பாத்தான். அவளுக்கு அடுத்துப் பேரு கூப்பிட்ட ஒருத்தருக்கும் பதில் சொல்ல வாய் திறக்கல. அப்புறம் தினமும் கூப்பிட்டான். கூப்பிட்ட இடத்துக்கு வரலைன்னு அவளைக் கொன்னவனே அவன்தான். ஊருக்குச் சொன்னது, எவன்கூடயோ கம்பத்துக்கு ஓடிட்டான்னு. மக போனதைவிட அந்தச் சொல்லுதான் வேலுத்தாயைத் தின்னுச்சு.

வேலுத்தாய் புகார் கொடுத்துப் போலீசு அவன்மேல கேஸ் போட்டும், ஜாமீன்ல வந்து அவனே பெரட்டு எடுத்தான். கேஸை நடத்த வந்தவங்க ராமாத்தாள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம். அந்த மலைக்கோர்ட்டுல சர்க்கார் பக்கம் கொலைக்கேஸ் நடத்துன மொதப் பொம்பளை. வராண்டாவுல ஆம்பள வக்கீலுக, "பொணமே இல்லாம கொலையா மேடம்? கம்பம் பஸ் ஸ்டாண்டுல தேடுங்க"ன்னு சிரிப்பாங்க. "தேடறனுங்க"ன்னுட்டு, ஒருநாள் விடியல்ல மலையேறி, பெரட்டுல வேலுத்தாய் பக்கத்துல வந்து நின்னாங்க. சத்தம் வந்தப்ப பிடரியில ஈரக்காத்து பட்டு, சேத்துவாடை அடிச்சுச்சு. திரும்பிப்போய் மொதச் சாட்சியா குருவம்மா பேரையே கொடுத்தாங்க. தோத்தா தன் வேலை போயிரும், வேலுத்தாய் மக ஓடுகாலின்னே ஆயிரும்னு அவங்களுக்குத் தெரியும்.

விசாரணை அன்னைக்கு கோர்ட்டு டவாலி வாசல்ல நின்னு குருவம்மா பேரை வழக்கம்போல மூணு தடவை கூப்பிட்டான். மூணாவதுக்கு, கூண்டுல நின்ன சங்கையாவோட மூடின வாய்க்குள்ள இருந்து "இருக்கேன்"ன்னு வந்துச்சு.

ராமாத்தாள் குரலை ஒசத்தல. "எங்க கண்ணு இருக்கறே?"

"பழைய பங்களாக் குளத்துல, கல்லுக்கடியில. நான் எங்கயும் போகலன்னு எங்கம்மாகிட்டச் சொல்லுங்க."

ஜட்ஜு எழுதிக்கிட்டாரு. சாயங்காலம் குளத்துல எடுத்தாங்க. சங்கையாவுக்கு ஆயுள் தண்டனை.

அதுக்கப்புறம் ராமாத்தாள் வாளையார் லாரிக் கொலை வரைக்கும் எத்தனையோ கேஸ் நடத்துனாங்க. அவங்க கேஸுன்னா டவாலி செத்தவங்க பேரையும் கூப்பிடுவான். ஜனங்க முன்பெஞ்சுல கொஞ்சம் நகந்து இடம் விடுவாங்க.

எடுத்துப் புதைச்ச பின்னாடியும் குருவம்மா பெரட்டுக்கு வந்தா. வேலுத்தாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் கூடையை மாட்டுவா. இப்ப பெரட்டுல பேரு கூப்பிடுறதுக்குப் பதிலா விரல் வைக்கிற மெஷின் வரப்போகுதாம். வரட்டும். இதைப் படிக்கிற யாராவது, காலையில ஒரு தடவை அவ பேரை வாயால கூப்பிட்டுருங்க.