மூன்று பெட்டிகளும் ஓரெஸ்டின் கையும்

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர்க் கூடத்தில் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடக்கும். கனடாவின் மானிட்டோபாவில் குளிர்காலத்தை நாங்கள் கடப்பது அப்படித்தான். கடைசிச் சீட்டு விழுந்தவர் முன்னால் மூடிய மூன்று ஐஸ்பெட்டிகள் இருக்கும். ஒன்றில் மட்டும் மாட்டுத்தொடை. அவர் ஒன்றைத் தொட்டதும், மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் திறந்து காட்டி, "மாத்திக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். யாரும் மாற்றுவதில்லை. தொட்டதை விடாத ஊர் இது.

பதினோரு வருடமாகக் குலுக்கலை நடத்துவது என் மனைவி லெஸ்யா. போன வாரம் மைக்கில், "மாத்துங்க, வாய்ப்பு ரெண்டு மடங்கு" என்று சொல்லிவிட்டாள். கூடமே சிரித்தது.

"ரெண்டு பெட்டி மிச்சம்னா பாதிக்குப் பாதி. இதுகூடத் தெரியாதவளுக்கு மைக் எதுக்கு?" என்றார் கசாப்புக்கடை ஓரெஸ்ட்.

"அடுத்த வாரம் உங்களையே ஒத்துக்க வைக்கிறேன். முடியலன்னா மைக்கை நீங்களே வச்சுக்கோங்க."

எனக்கும் பாதிக்குப் பாதி என்றுதான் பட்டது; அதனால் அந்த வாரம் வீட்டில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

இன்று கூடத்தில் லெஸ்யா, மூன்று பெட்டிகளில் ஒன்றில் ஒரு துண்டு சாசேஜ் இறைச்சியை ஒருவரை ஒளித்து வைக்கச் சொல்லி, முப்பது முறை ஆடி, முப்பது முறையும் மாற்றினாள். இருபத்தொரு முறை கிடைத்தது.

"இன்னிக்கு உனக்கு அதிர்ஷ்டம்மா" என்றார் ஓரெஸ்ட்.

லெஸ்யா கணக்குச் சொல்லவில்லை. சாசேஜை அவரிடம் நீட்டினாள். "இப்ப நீங்க ஒளிச்சு வைங்க. காலியைத் திறந்து காட்டுறதும் நீங்கதான்."

லெஸ்யா ஒன்றைத் தொட, இரண்டு முறை யோசிக்காமல் காலியைத் திறந்தார். மூன்றாவது முறை அவர் கை நடுவில் நின்றது.

"என்ன பெருசு, கை மரத்துப்போச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சும்மா இருடா! இதைத் திறக்க முடியாது, சாசேஜ் இதுலதான் இருக்கு. அதைத்தான் திறந்தாகணும்."

"அப்ப நான் மாத்துனா?" என்றாள் லெஸ்யா.

அவர் பெட்டிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நீ தப்பாத் தொடுறப்பல்லாம் மாத்துனாக் கெடைக்கும்" என்றார் மெதுவாக. "மூணுல ரெண்டு தடவ தப்பாத்தானே தொடுவ!"

கடைசிச் சீட்டு பள்ளி வேன் ஓட்டும் பெர்னிஸுக்கு விழுந்தது. தொட்டாள். லெஸ்யா காலிப்பெட்டியைத் திறந்தாள். பெர்னிஸ் மாற்றினாள்.

அதுவும் காலி.

கூடம் லெஸ்யா பக்கம் திரும்பியது. அவள் வாய் திறக்குமுன் ஓரெஸ்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்ன முறைக்கிறீங்க? மூணுல ஒரு தடவ இப்படித்தான் போகும்! இதுகூடத் தெரியாதா?"

லெஸ்யா மைக்கோடு என்னைப் பார்த்தாள். நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.