வெல்வெட்டின் தலைப்பக்கம்

உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் முதலில் தொட்டது மேசை விரிப்பைத்தான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தார். சுத்தமான லினன். திரைச்சீலையும் சோபாத் துணியும் விற்றுத் தலை நரைத்தவர் அவர். கலப்படத்தைக் கண்டால் தூக்கம் நன்றாக வரும், அசலைக் கண்டால் வராது.

அந்தப் பிரெஞ்சு உணவகம் அவருடைய சகலையுடையது. கப்பல் கப்பலாகச் சமைத்துவிட்டுக் கரை சேர்ந்த மனிதர் என்பதால் வீட்டில் அவருக்குக் கப்பல்காரர் என்றே பெயர். திறப்பதற்கு முந்தைய மாலையில் சொந்தங்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார். காட்டட்டும். ஆனால் குடும்பத்திலேயே ஒரு துணிக்கடை இருக்கும்போது ஒரு கெஜம்கூட இவரிடம் கேட்கவில்லை. உள்ளலங்காரம் முழுவதையும் யாரோ ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டாராம், எல்லாம் அவளே வாங்கினாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து கடைக்காரருக்குச் சோறு இறங்குவது கொஞ்சம் சிரமம்.

சுவர்களுக்கு உருகிய வெண்ணெயின் நிறம். கறுப்பும் வெள்ளையுமாகத் தரை, பிரம்பு பின்னிய நாற்காலிகள், சாம்பல் நரம்போடிய பளிங்கு மேசைகள். பெரிய கண்ணாடிகளில் அங்கங்கே தேமல் மாதிரி புள்ளிகள்.

"புதுக் கண்ணாடியைக் காசு குடுத்துக் கிழடாக்கி வச்சிருக்காங்க," என்றார் மனைவியின் காதில். அவள் சிரிக்கவில்லை.

கூரையில் பெரிய விளக்கு ஒன்றுமில்லை. மேசைக்கு ஒரு சின்னப் பித்தளை விளக்கு, அதற்கு ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் வந்த முகமெல்லாம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததுபோல இருந்தது. மனைவி குனிந்தபோது கடைக்காரர் ஒரு நிமிஷம் அசந்துபோனார். கட்டிய மனைவி அழகாகத் தெரிவதற்குக்கூடச் சகலையிடம் வர வேண்டியிருந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்."

தெருப்பக்க ஜன்னல்களில் கூரையிலிருந்து தரைவரை அடர்சிவப்பு வெல்வெட் தொங்கியது. சிவப்பா, கறுப்பா என்று சொல்ல முடியாத ஆழம். வெளிச்சம் உள்ளே போனால் திரும்பி வருவதில்லை.

"தூசி அடையும்," என்றார்.

"நான் ஒரு தடவை கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்க."

குறை இல்லாத துணி உலகத்தில் இல்லை. கடைக்காரர் ஓரத்தைத் திருப்பினார். நெசவு தவறிய இடத்தில் ஒரு பச்சை நூல் முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுவது ஒரே ஒரு கடையில்தான். போட்டது அவருடைய கைதான்.

கடையின் அடித்தட்டில் அநாதையாகக் கிடந்த துணிக்கட்டு அது. எத்தனை பேருக்குப் பிரித்துக் காட்டியிருப்பார். வெளுத்துப்போன செங்கல் மாதிரி இருக்கு என்று ஒருவர் விடாமல் உதட்டைப் பிதுக்கினார்கள். வீட்டு முன்னறைக்கு மனைவி கேட்டபோதும், "தூசி அடையும், விக்காத சரக்கை மாட்டினா வர்றவன் என்ன நினைப்பான்" என்று கட்டை உள்ளே தள்ளிவிட்டார். பிறகு முடியைக் குட்டையாக வெட்டிய ஒருத்தி வந்து பேரம் பேசாமல் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு அவளை ஏமாளி என்று சொல்லிச் சிரித்தவர் இவர்தான்.

மேலிருந்து கீழே தடவினார். கை தடுத்தது. கீழிருந்து மேலே தடவினார், வழுக்கிக்கொண்டு போனது. வெல்வெட்டின் ரோமம் மேலே பார்க்கிறது, அதனால்தான் இந்த ஆழம். அந்தக் குட்டைமுடிக்காரி கட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறாள். வேறொன்றும் செய்யவில்லை. இத்தனை காலமும் இவர் ரோமம் கீழே சாயும்படி பிடித்துக்காட்டி, தன் சரக்கைத் தானே வெளுக்க வைத்திருக்கிறார். சொந்தத் துணிமீது பொறாமைப்பட்டவன் இந்த வியாபாரத்தில் வேறு எவனாவது உண்டா என்று யோசித்தார்.

"என்ன சகலை, பரிசோதனை முடிஞ்சுதா?" கப்பல்காரர் பின்னால் வந்து நின்றார். "குறை இருந்தா எங்கிட்டயே சொல்லிடுங்க. ஊருக்கு அப்புறம் சொல்லலாம்."

"அத்தான் குறை சொல்லலைன்னாத்தான் எனக்குப் பயம்," என்றாள் கொழுந்தியாள்.

கடைக்காரர் வாயில் மூன்று பதில்கள் நின்றன. மட்டம் என்றால் தன் சரக்கு மட்டம். என் கடைத் துணி என்றால், பக்கத்தில் நிற்பவள் கேட்டதைக் கொடுக்காமல் கழித்துத் தள்ளியது வெளியே வரும்.

மூன்றாவதைச் சொன்னார். "நல்ல துணி."

"பாத்தியாக்கா, அத்தான் வாயிலயே வந்திருச்சு. உனக்கும் வேணும்னா அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லி வாங்கித் தர்றேன்."

"எதுக்கு? வேண்டாம்," என்றார் கடைக்காரர், கொஞ்சம் அவசரமாக.

மனைவி அவரைப் பார்த்தாள். தங்கையும் கப்பல்காரரும் சமையலறைப் பக்கம் போகும்வரை காத்திருந்தாள். பிறகு திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தாள். கை போன வழியில் ரோமம் கலைந்து, ஆழ்ந்த சிவப்புக்கு நடுவே வெளுத்த செங்கல் நிறத்தில் ஒரு பட்டை எழுந்தது.

எங்கோ பார்த்த நிறம். அவள் புருவம் சுருங்கியது. கடைக்காரர் எட்டி, பட்டையைக் கீழிருந்து மேலாகத் தடவி அழித்தார். அவள் மறுபடி கையை வைத்தாள். இந்த முறை இன்னும் மெதுவாக, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தபடி, அதே இடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள்.