இரண்டாவது சிலிண்டர்

இரண்டு சிலிண்டர் பைக்குகளை நான் பல வருடம் வண்டியாகவே மதித்ததில்லை. வாசலில் நிறுத்தித் துடைத்துப் போட்டோ எடுக்கிறவர்களுக்கான சாமான் அது என்பது என் கட்சி. என்னிடம் இருந்தது நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக். அதில் உட்காருவதல்ல, படுப்பது. கைப்பிடி தாழ்வாக இருப்பதால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டில் ஒரு நரம்பு, குறுகலான சந்துக்குள் நுழைவதுபோல எலும்புகளுக்கு நடுவே நுழைந்து விரல்களுக்குப் போகிறது. அந்தச் சந்தை நாளெல்லாம் நெரித்துக்கொண்டிருந்தால் விரல் நுனி மரத்துப்போகும். எனக்கு மரத்தது. நான் வேலை பார்ப்பது பல் கட்டும் லேபில். மெழுகில் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்குகிறவளுக்கு விரல் நுனி போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த வண்டியா, இந்த வேலையா என்று டாக்டர் கேட்டார். வண்டியை விற்றேன்.

ஆனால் ஓட்டுவதை விட மனமில்லை. நிமிர்ந்து உட்காரவும் வேண்டும், வண்டியில் கொஞ்சம் உயிரும் வேண்டும் என்றால் பழைய இரண்டு சிலிண்டரைத் தேடுவதைத் தவிர வேறு கதியில்லை. போய்ப் பார்த்த முதல் வண்டியை, பழக்கதோஷத்தில், ஸ்போர்ட்ஸ் பைக்கைப் போலவே கதறக் கதற முறுக்கினேன். ஒன்றும் வரவில்லை. செத்த வண்டி என்று திட்டிவிட்டு வந்தேன். பிறகுதான் யோசித்தேன். நான்கு சிறிய பிஸ்டன்கள் உச்ச வேகத்தில் சுழலும்போதுதான் பலம் காட்டும். இரண்டு பெரிய பிஸ்டன்கள் அப்படியில்லை. நடு வேகத்திலேயே முழு பலத்தையும் கொடுத்துவிடும். அதற்கு மேல் முறுக்குவது, காலியான பேஸ்ட் டியூபைப் பிதுக்குவது மாதிரி. சீக்கிரமே அடுத்த கியருக்குப் போய்விட வேண்டும். அந்த ரகசியம் தெரிந்ததும் இரண்டு சிலிண்டர் மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது. இரண்டாவது வண்டியின் சட்டம் வளைந்திருந்தது, அதுவும் போயிற்று.

அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவதும் சரிப்படாவிட்டால், அக்கா வீட்டில் சும்மா நிற்கும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். துணைக்கு அக்கா புருஷனை அனுப்பினாள். அத்தான் எங்கள் வீட்டின் வாகன நிபுணர். கல்யாணத்துக்கு முன் அவரிடம் ஒரு மோட்டார்சைக்கிள் இருந்தது என்பதுதான் தகுதி. வண்டி வாங்கப் போனால் டயரை உதைத்துப் பார்ப்பார். எதற்காக என்று இதுவரை அவருக்கே தெரியாது.

விற்கிறவர் ஒரு ஜிம் நடத்துகிறவர். கூப்பிடு தூரத்துக்கு முன்பே சத்தம் கேட்டதால் அவருக்கு 'டெசிபல்' என்று பெயர் வைத்தேன். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத வெறும் குழாயை மாட்டியிருந்தார். வீட்டோடு ஒட்டிய தகர ஷெட்டில், எங்களுக்கு வரவேற்பாக, வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவரும் ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து இறங்கி வந்தவராம். முதுகு பிடித்துக்கொண்டதாம். என்னிடம் அல்ல, அத்தானிடம் சொன்னார். வாங்குவது நான்தான் என்று அத்தான் கை காட்டியதும், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கு கால் எட்டுமா ப்ரோ?" என்று அவரிடமே கேட்டார்.

"உங்க பல்லு வரைக்கும் எட்டும்," என்றேன்.

வண்டியை அணைக்கச் சொன்னேன். இன்ஜின் ஆறிய பிறகுதான் பார்ப்பேன் என்றேன். இதில் மர்மம் எதுவும் இல்லை. பழைய வண்டியின் வியாதிகள் குளிரில்தான் வெளியே தெரியும். சூடானால் உலோகம் விரியும், இடைவெளிகள் மூடிக்கொள்ளும், தொடாத கம்பி தொட்டுக்கொள்ளும். ஆள் வரும் முன்பே ஒருவன் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஒன்று அவன் ஏமாற்றுக்காரன், அல்லது காலையில் வண்டி முரண்டு பிடிப்பதே அதன் குணம் என்று நினைக்கும் மடையன். டெசிபல் இரண்டாம் ரகம். முதல் ரகத்துக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

"ஆறணுமா? என்ன மேடம், குழந்தைக்குப் பாலா?" என்று சிரித்தார். அத்தானும் சேர்ந்து சிரித்தார். நான் ஷெட்டில் கிடந்த காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசிய பேச்சை எழுதினால் இரண்டு பேர் மேலும் எனக்கு இருக்கும் மரியாதை போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இல்லாதது எப்படிப் போகும்? சத்தம் அதிகமானால் வேகம் அதிகமாகும் என்றார் டெசிபல். அந்தக் காலத்து இரும்பு வேறு என்றார் அத்தான். ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர், என்றாலே நின்ற இடத்தில் குலுங்கத்தான் செய்யும், அதுதான் அதற்கு கேரக்டர் என்று டெசிபல் சொல்ல, அத்தான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இந்த கேரக்டர் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனை நான் பார்க்க வேண்டும். ரிப்பேர் செய்யத் தெரியாத எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்.

இன்ஜினைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இருமி, திணறி, ஒருவழியாக ஓடியது. வெற்றுக் குழாயின் காட்டுக்கத்தலில் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கு நாற்றம் வந்தது: எரியாத பெட்ரோல். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இன்ஜினிலிருந்து இறங்கும் இரண்டு புகைக்குழாய்களிலும் சில சொட்டு விட்டேன். இடது குழாயில் தண்ணீர் சுர்ரென்று ஆவியாயிற்று. வலது குழாயில் அது பாட்டுக்கு வழிந்து தரையில் சொட்டியது.

அத்தானின் கையைப் பிடித்து வலது குழாயில் வைத்தேன். பதறி இழுத்துக்கொள்ளப் போனவர், அப்படியே வைத்திருந்தார்.

"சுடவே இல்லையே," என்றார்.

ஒரு சிலிண்டர் வேலை செய்யவே இல்லை. நான்கில் ஒன்று தூங்கினால் மற்ற மூன்று எப்படியாவது சமாளிக்கும். இரண்டில் ஒன்று தூங்கினால் பாதிக் குடும்பம் படுத்த மாதிரி. ஏன் தூங்குகிறது என்பதுதான் இனிக் கேள்வி. வால்வு கருகியிருந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டும், எனக்கு ஸ்கூட்டர்தான். தீப்பொறி வராததுதான் காரணம் என்றால், வண்டியில் பெரிய குறை இல்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி தரும் காயில், அதாவது மின்சுருள், தனித்தனி. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினால், தூக்கம் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்த்துவிடலாம். மாறினால் குறை காயிலில். மாறாவிட்டால் வேறெங்கோ, அநேகமாக உள்ளே.

இந்த இடத்தில் புத்தியுள்ளவள் என்ன செய்திருப்பாள்? வண்டி குலுங்குகிறது, ஆனாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று பேசி முடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்திருப்பாள். ஆனால் எதிரே இரண்டு மடையர்கள் கைகட்டி நிற்கிறார்கள். எனக்குப் புரிந்ததை அவர்களுக்குப் புரியவைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இன்ஜினை அணைத்து, அத்தானை டேங்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டேன்.

காயிலைக் கழற்றத் தேவையே இருக்கவில்லை. அதன் தலையில் செருகும் இணைப்பு, பூட்டாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ சர்வீஸ் செய்தவன் அவசரத்தில் பாதி செருகி விட்டிருக்கிறான். சூடானால் தொட்டும் தொடாமலும் வேலை செய்யும், குளிர்ந்தால் அதுவும் இல்லை. அழுத்தினேன். கிளிக்கென்றது. என் விரல் நுனியில் அந்தக் கிளிக்கை உணர முடிந்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

டெசிபல் மறுபடி ஸ்டார்ட் செய்தார். வண்டி குலுங்கவில்லை. தாளம் தப்பாமல், கனமாக, நின்று நிதானமாகத் துடித்தது. வெற்றுக் குழாயால்கூட அந்த ஓசையைக் கெடுக்க முடியவில்லை. வலது குழாயில் தண்ணீர் விட்டேன். சுர்.

டெசிபல் ஏறி உட்கார்ந்து தெருவுக்குப் போனார். ஓசை மூலை திரும்பி, தூரம் போய், பக்கத்துத் தெரு வழியாகத் திரும்பி வந்தது. இறங்கியவர் முகத்தில், தன் கல்யாணத்துக்குத் தானே தாமதமாக வந்தவன் மாதிரி ஒரு திகைப்பு.

"வாங்கினதுலேர்ந்து இது இப்படி ஓடினதே இல்ல," என்றார். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார். "தப்பா நினைக்காதீங்க. நான் விக்கல."

அத்தான் நியாயம் பேசிப் பார்த்தார். சொன்ன சொல் என்றார், இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றார். டெசிபல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். போனால் போகிறதென்று ஒரு மாதம் இலவசமாக ஜிம்முக்கு வரச் சொன்னார், அத்தானை.

நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன். கோபம் அவர் மேல் இல்லை. முட்டாள் முட்டாளாக இருப்பதில் என்ன தப்பு? வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவள் நான்.

கிளம்பும்போது டெசிபல் பின்னாலேயே வந்தார். "மேடம், ஒண்ணு கேக்கணும். வண்டி ஸ்மூத்தாத்தான் இருக்கு. ஆனா மேல முறுக்கினா ஒண்ணும் வர மாட்டேங்குது. என் பழைய வண்டி அங்கதான் பறக்கும். இதை எப்படி ஓட்டணும்?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. நடு வேகம், பெரிய பிஸ்டன், பிதுக்கிய டியூப், உதாரணத்தோடு, கைச் சைகையோடு. அதைக் கேட்டுக்கொண்டால் இந்த ஆள் அந்த வண்டியைக் கடைசிவரை விடமாட்டார்.

"பழைய வண்டி மாதிரியேதான்," என்றேன். "பயப்படாம நல்லா முறுக்குங்க. இன்னும் முறுக்குங்க. கியரை மட்டும் அவசரப்பட்டு மாத்தாதீங்க."

நன்றி சொன்னார். நல்ல மனுஷன்.

தெருமுனையில் அத்தான் திரும்பி ஷெட்டைப் பார்த்தார். பிறகு, "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். "ஏம்மா, அப்படியா ஓட்டணும் அந்த வண்டிய?"

"இல்ல அத்தான்."

"அப்புறம்?"

"அப்படி ஓட்டினா மழைக்காலம் முடியறதுக்குள்ள வெறுத்துப்போயிடும். திரும்ப விக்கணும்னு போடுவார்."

அத்தான் நின்று என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் பெண் எடுத்ததற்காக முதல் தடவையாகப் பயந்த மாதிரி இருந்தது.

"அதுவரைக்கும் உங்க ஸ்கூட்டரைக் குடுங்க," என்றேன். "அம்மாகிட்ட நிரந்தரமா எடுத்துக்கிட்டேன்னே சொல்லுங்க."